அட்டைக்கடி என்று நினைத்தோம்

போன வருஷம் ஐப்பசிக் கடைசியில் என் பையனை மதுரைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்த அன்று ராத்திரி, அவனைப் பார்க்க வந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "வீடு எங்கம்மா, மலைப்பக்கமா?" என்பதுதான். அதற்குள் அவனுக்குக் காய்ச்சல் கண்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த ஒன்பது நாளும் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை. அதோடு இன்னொன்றையும் நானே என் கையால் மறைத்து வைத்திருந்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன். இதை எழுதுவதற்கே ஒரு வருஷம் ஆகிவிட்டது. இந்த மழைக்கு எங்கள் ஊரில் இன்னொரு வீட்டுப் பிள்ளை காய்ச்சலில் படுத்ததும், அந்த அம்மா என்னிடம் ஓடி வந்ததும்தான் எழுத வைத்தது.

நான் மதுரையில் பிறந்து வளர்ந்தவள். மாமனார் காலமான பிறகு தோட்டத்தைப் பார்க்க ஆளில்லாமல், தாண்டிக்குடிப் பக்கம் இருக்கும் கணவரின் ஊருக்குக் குடிவந்தோம். கீழ்ப்பழனி மலை என்பார்கள். கொடைக்கானல் 7,000 அடியில் இருக்கிறது, நாங்கள் அதற்கு நிறையக் கீழே. காப்பி, மிளகு, மலைவாழை, ஊடே கொஞ்சம் ஆரஞ்சு. எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். பாடப்புத்தகத்தில் இலையுதிர் காலம் என்று படித்திருக்கிறோமே, அந்த மாதங்களில் இங்கே இலை உதிர்வதைப் பார்க்க முடியாது. புல்தான் இடுப்பளவுக்கு எழும்பி நிற்கும். காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கும், பறிப்புக்கு முன்னால் களை வெட்ட வேண்டும், அட்டை காலில் ஏறும். கணவர் லாரி ஓட்டுகிறார். தீபாவளி முடிந்த மறுநாளே வடக்கே லோடு ஏற்றிப் போய்விட்டார். வீட்டில் நான், ஏழு வயசுப் பையன், அத்தை, ஒரு பசு.

தீபாவளி லீவு முழுக்கப் பையன் தோட்டத்து ஓரத்தில்தான் கிடந்தான். தோட்டம் முடிந்து ஓடை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு புதர் இருக்கிறது. உதிர்ந்த ஆரஞ்சைப் பொறுக்கிக்கொண்டு, டவுசரோடு ஈரப் புல்லில் உட்கார்ந்து உரித்துத் தின்பான். நானும் ஒன்றும் சொல்லமாட்டேன். மதுரையில் மாடிப்படியில் வளர்ந்திருக்க வேண்டிய பிள்ளை, மண்ணில் விளையாடட்டும் என்று எனக்கு உள்ளூரப் பெருமைதான். சாயங்காலம் குளிர் என்று கை கால் மட்டும் கழுவிவிட்டு, போட்டிருந்த சட்டையோடு அப்படியே கம்பளிக்குள் புகுந்துகொள்வான். வெயில் எட்டிப் பார்க்கிற அரை மணி நேரத்தில் துணியைக் காப்பிச்செடி மேலேயே விரித்துக் காயப்போடுவேன். இவை எல்லாமே பிசகு என்று பிறகுதான் தெரிந்தது.

லீவு முடிந்து பத்துப் பதினோரு நாள் இருக்கும். ஒரு திங்கள்கிழமை, பள்ளிக்கூடம் விட்டுத் தலைவலி என்று வந்தான். ராத்திரி நடுக்கம். மிளகு, திப்பிலி, துளசி போட்டு அத்தை கஷாயம் வைத்தார். நான் பாரசிட்டமால் சிரப் கொடுத்தேன். அறை சூடாக இருக்கட்டும் என்று அத்தை கரிச்சட்டியைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டார். விடியற்காலையில் எனக்குத் தலை பாறாங்கல் மாதிரி கனத்தது, குமட்டல். நல்லவேளை, எழுந்து கதவைத் திறந்தேன். மூடிய அறையில் கரி எரிந்தால் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மலையில் குளிர்காலத்தில் ஒரு குடும்பமே இப்படிப் போன செய்தியை நானே பேப்பரில் படித்திருக்கிறேன், இருந்தும் அன்றைக்குத் தோன்றவில்லை. இப்போது படுக்கிற அறைக்குள் கரிச்சட்டி வருவதே இல்லை. இன்னொரு கம்பளி போதும்.

மறுநாள் உடம்பைத் துடைத்துவிடும்போதுதான் இடது கக்கத்தில் அதைப் பார்த்தேன். மிளகளவு ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றி வட்டமாகச் சிவப்பு. பீடி நெருப்பால் சுட்ட மாதிரி இருந்தது. தொட்டேன், வலிக்கவில்லை என்றான். "அட்டை கடிச்ச எடம் தாயி, மஞ்சளக் கொழச்சுப் போடு" என்றார் அத்தை. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்து அப்பினேன். அதற்கு மேல் ஸ்வெட்டர். நான் மறைத்து வைத்தேன் என்றேனே, அது இதுதான். வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் அடுத்த ஏழு நாள் அவனைப் பார்த்த யார் கண்ணிலும் அந்தப் பொருக்கு படாமல் போனதற்கு நான் காரணம்.

மூன்றாம் நாள் மருந்துக்கடையில் சொல்லி ஒரு ஆன்டிபயாடிக்கும் சளி மருந்தும் வாங்கினேன், 240 ரூபாய். நான்காம் நாள் காற்று மழையில் மரம் விழுந்து ரோடு அடைத்துக்கொண்டது. ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, 2,500 ரூபாய்க்கு ஜீப் பேசி வத்தலக்குண்டு வழியாகக் கீழே இறங்கினோம். பெரும்பாறை வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்தான். அத்தையால் பசுவை விட்டுவிட்டு வர முடியாது, கணவர் குஜராத்தில். அந்த வண்டியில் பின் சீட்டில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கல்யாணம் ஆனதிலிருந்து எனக்கு இருந்த எல்லாக் கோபமும் ஒன்றாக மேலே வந்தது. ஏன் இந்த மலைக்கு வந்தோம் என்று அழுதேன். டிரைவர் தம்பி கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்தினார்.

கீழே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பெயர் வேண்டாம். அவர்கள் வேண்டுமென்று ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். சீட்டு எழுதுகிற இடத்தில் ஆதார் கேட்டார்கள். என் ஆதாரில் இன்னும் அம்மா வீட்டு மதுரை முகவரிதான். அதையே எழுதிக்கொண்டார்கள், நானும் சரியென்று இருந்துவிட்டேன். டெங்குப் பரிசோதனை செய்தார்கள், இல்லை என்று வந்தது. தட்டணுக்கள் குறைந்துகொண்டே போயின. முதல் நாள் 1,40,000, ஞாயிற்றுக்கிழமை 82,000. "வைரல் ஃபீவர்தான், ஊசி போகுது, குறைஞ்சிடும்" என்றார்கள். சட்டையைக் கழற்றிக் கையைத் தூக்கச் சொல்லி யாரும் பார்க்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பைச் சட்டைக்குள் விட்டுப் பார்த்ததோடு சரி. நான்கு ராத்திரிக்கு, பரிசோதனையெல்லாம் சேர்த்து, 52,300 ரூபாய். செவ்வாய்க்கிழமை காலையில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வயிறு உப்பியிருந்தது, கண் இமை வீங்கியிருந்தது, பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு நொடி கழித்துத்தான் திரும்பினான். மதுரைக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார்கள். பதற்றத்தில் 108 என்கிற நம்பர் நினைவுக்கே வரவில்லை. வாசலில் நின்ற ஆம்புலன்சுக்கு 4,500 கொடுத்தேன்.

பெரியாஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மாவுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயசுதான் இருக்கும். மலைதான், காப்பித் தோட்டம், என்றேன். உடனே அவனை உட்காரவைத்து எல்லா உடுப்பையும் கழற்றச் சொன்னார். காதுக்குப் பின்னால், கழுத்து, தொப்புள், இடுப்பில் டவுசர் நாடா அழுத்துகிற இடம், தொடை இடுக்கு, முழங்காலுக்குப் பின்பக்கம் என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். கக்கத்தில் மஞ்சள் காய்ந்து பட்டையாக இருந்தது. ஈரப் பஞ்சால் துடைத்தார். அடியில் அந்தக் கறுப்புப் பொருக்கு. "இதை எப்ப பாத்தீங்க?" என்று கேட்டார். "போன செவ்வாய்க்கிழமை" என்றேன். அவர் திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஸ்க்ரப் டைபஸ் என்றார். நம் பக்கம் உண்ணிக்காய்ச்சல் என்கிறார்கள். ரத்தம் எடுத்தார்கள், முடிவுக்குக் காத்திருக்காமல் அன்று ராத்திரியே டாக்சிசைக்ளின் ஆரம்பித்தார்கள். வியாழக்கிழமை காலையில் அவன் நெற்றியைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. பதினோரு நாளில் முதல் தடவை. இட்லி கேட்டான். நான் வார்டுக்கு வெளியே தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் வாய்விட்டு அழுதுவிட்டு வந்து இட்லி வாங்கினேன். அந்த மருந்து ரொம்ப விலைகுறைந்த மருந்து என்று பிறகு கடையில் விசாரித்தபோது தெரிந்தது. எங்களுக்கு அங்கே அதுவும் இலவசம். நுரையீரலில் கொஞ்சம் நீர் சேர்ந்திருந்ததால் இன்னும் ஒரு வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த மருந்து பல்லைக் கறையாக்கும் என்று பக்கத்துக் கட்டில் பாட்டி என்னைப் பயமுறுத்தினார். டாக்டரம்மாவிடம் கேட்டேன். இப்படிச் சில நாள் கொடுப்பதற்கு அந்தப் பயம் வேண்டாம் என்றார். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்களாம். இந்தப் பெயர்களை நான் எழுதுவது நீங்கள் கடையில் போய் வாங்குவதற்காக இல்லை. "இது உண்ணிக்காய்ச்சலா இருக்குமா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேட்பதற்காக. நான் கடையில் வாங்கிக் கொடுத்தது பென்சிலின் குடும்பத்து மருந்து. இந்தக் கிருமி உடம்பின் செல்லுக்குள்ளேயே புகுந்து வாழ்வதால் அந்த வகை மருந்து இதைத் தொடவே தொடாது.

உண்ணி என்ற பெயரே எங்களைக் குழப்பிவிட்டது. போனில் சொன்னதும் அத்தை பசுவின் காதையும், பக்கத்து வீட்டு நாயையும் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறார். மாட்டு உண்ணியும் நாய் உண்ணியும் வேறு. இந்தக் கிருமியைச் சுமந்துவந்து கடியில் ஏற்றுவது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத, செம்மஞ்சள் நிறத்துச் சிறு பூச்சியின் இளம் குஞ்சு. கண்ணுக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளலாம். புதரும் புல்லும் சேருகிற ஓரங்களில், எலி நடமாட்டம் இருக்கிற இடத்தில் கூட்டமாக இருக்கும். புல் நுனியில் காத்திருந்து, மேலே உரசுகிற எலியிலோ மனிதரிலோ ஏறிக்கொள்ளும். ஏறியதும் உடுப்பு இறுக்குகிற இடம், மடிப்பு என்று தேடிப்போய்க் கடித்து, இரண்டு மூன்று நாள் ஒட்டியிருந்துவிட்டு விழுந்துவிடும். வலியும் இல்லை, அரிப்பும் பெரிதாக இல்லை. ஒரு வாரம், பத்து நாள், சிலருக்கு மூன்று வாரம் கழித்துத்தான் காய்ச்சல். இரண்டாம் உலகப்போரில் பர்மா எல்லையில் இருந்த ராணுவத்தினர் பலர் இதற்குப் பலியாகியிருக்கிறார்கள். இதற்குத் தடுப்பூசி இன்னும் இல்லை. ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது, அந்த ஒரு நிம்மதி உண்டு. மழை ஓய்கிற சமயம் தொடங்கிக் குளிர் முடிகிற வரை இதை அதிகம் பார்ப்பதாக டாக்டரம்மா சொன்னார். அதாவது எங்கள் காப்பிப் பறிப்புக் காலம் முழுக்க.

அவர் சொன்னதில் இரண்டை நான் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பொருக்கு இருந்தால் கிட்டத்தட்ட அதுவே பதில், ஆனால் எல்லாருக்கும் பொருக்கு வராது. காய்ச்சல், கடுமையான தலைவலி, உடம்புவலி, கக்கத்திலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டுவது, தட்டணு குறைவது, இவை மட்டுமே இருக்கலாம். டெங்கு இல்லை என்று வந்துவிட்டதே என்று அங்கேயே நின்றுவிடக் கூடாது. இரண்டாவது, ரத்தப் பரிசோதனை முதல் சில நாட்களில் இல்லை என்று காட்டலாம். எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் தெரிய ஒரு வாரம்போல் ஆகும். அதனால் பையன் எங்கே விளையாடினான், வீடு எங்கே என்று நாம் சொல்கிற கதைதான் டாக்டருக்குக் கிடைக்கிற முதல் பரிசோதனை. ஆதாரில் எந்த ஊர் இருந்தாலும், வாயைத் திறந்து மலை, தோட்டம், புல், எலி என்று சொல்லிவிடுங்கள். சட்டையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லிக் கேட்கவும் கூச்சப்படாதீர்கள். எனக்கு அந்தக் கூச்சம் இருந்தது.

இந்த வருஷம் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே வீட்டைச் சுற்றிப் பத்தடிக்குப் புல்லை ஒட்ட வெட்டிவிட்டோம். கூலி 1,400 ஆயிற்று. சுவரோரம் அடுக்கியிருந்த விறகைத் தள்ளி ஒரு கொட்டகைக்கு மாற்றினோம், அதற்குள் எலி குடும்பமே நடத்திக்கொண்டிருந்தது. துணி கொடியில்தான், செடி மேல் இல்லை. மழையில் காயாவிட்டால் அடுப்பங்கரையில் கட்டிய கயிற்றில் போடுகிறேன், புகை வாடை அடிக்கத்தான் செய்கிறது. தோட்டத்துக்குப் போனால் முழுக்கைச் சட்டை, காலுறைக்குள் பேன்ட், உட்காரச் சாக்கு. கை காலுக்குக் கொசுவிரட்டி தடவிக்கொள்கிறோம். வேப்பெண்ணெய் போதுமே என்கிறார்கள் சிலர், நான் அதை மட்டும் நம்பி இருக்கத் தயாராக இல்லை. வந்ததும் கொல்லைப்புறத்திலேயே உடுப்பைக் கழற்றி வெந்நீரில் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியல். பூச்சி ஒட்டி உடனே குளித்துவிட்டால் கழன்று போக வாய்ப்பு அதிகம். குளிரில் தினமும் வெந்நீர் போடுவது பெரிய வேலை. விறகும் கூடுதல். முதல் வாரம் எல்லாருக்கும் முணுமுணுப்புதான், எனக்கும்.

தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் காய்ச்சல் கணக்கு எழுதுவதும் இப்போது பழக்கம். எந்தக் கிழமை ஆரம்பித்தது, தெர்மாமீட்டரில் எவ்வளவு, என்ன மருந்து கொடுத்தோம். அன்று ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் காய்ச்சல் என்று கேட்டபோது ஒரு தடவை நாலு என்றேன், ஒரு தடவை ஆறு என்றேன். கஷாயத்தின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, இன்றும் சளிக்கு அதுதான் வைக்கிறோம். ஆனால் இந்த மாதங்களில் மூன்றாம் நாள் காய்ச்சல் நிற்கவில்லை என்றால் பண்ணைக்காட்டு ஆஸ்பத்திரிக்கோ கீழேயோ போய்விடுவது என்று அத்தையிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தோலில் எதைப் பார்த்தாலும், டாக்டர் பார்க்கிற வரை மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைப்பதில்லை. போன மாதம் என்னிடம் ஓடி வந்த அந்த அம்மாவின் மகளுக்கு இடுப்பு மடிப்பில் இருந்தது. நான்காம் நாளே மருந்து ஆரம்பித்தார்கள், ஆறாம் நாளே பள்ளிக்கூடம் போகணும் என்று அழுதாளாம்.

எல்லாம் சேர்த்து எங்களுக்குப் போனது 63,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். என் இரண்டு வளையலை அடகு வைத்துத்தான் கட்டினேன். கணவர் நான்கு நாள் கழித்து வந்து, பையனைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஏன் முதல்லயே சொல்லல?" என்று கேட்டார். வீட்டிலிருந்து சிக்னல் கிடைக்க வளைவு வரை நடக்க வேண்டும், காய்ச்சல்காரப் பிள்ளையை விட்டுவிட்டு எத்தனை தடவை நடப்பேன் என்று அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. இப்போது சாயங்காலம் குளித்ததும் பையனே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "பாரும்மா" என்று வந்து நிற்கிறான். அவனைப் பார்த்து முடித்ததும் அத்தை ஒன்றும் பேசாமல் கொண்டையை அவிழ்த்து, காதுக்குப் பின்னால் பார்க்கச் சொல்லித் தலையைச் சாய்க்கிறார். வளையலை இன்னும் திருப்பவில்லை. தையில் காப்பிப் பணம் வந்ததும் பார்க்க வேண்டும்.